‘விடுங்க’ சொல்லும் உரிமை

அரக்கு முத்திரை காய்ந்து கெட்டியான பிறகுதான் பய்யூமி ஹாஜியாருக்கு அடுப்பு ஞாபகம் வந்தது.

"அமீனா ஐயா, ஒரு நிமிஷம். உள்ள டீ கொதிக்குது."

கோர்ட் அமீனா மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டுத் திரும்பினார். "என்ன டீ?"

"உங்களுக்குத்தான். கடைக்கு வந்தவங்களுக்கு ஒரு கிளாஸ் டீ கூடக் குடுக்கலைன்னா எப்படி? ஸ்டவ்வைப் பத்த வச்சிட்டு வெளிய வந்தேன். நீங்க பூட்டிட்டீங்க."

"நீங்கதானே ஹாஜியாரே, காத்துல மெழுகுவத்தி அணைஞ்சிடக் கூடாதுன்னு அங்கியை விரிச்சு மறைச்சுக்கிட்டு நின்னீங்க? அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க வேலையா இருந்தீங்க. இடைஞ்சல் பண்ண வேணாம்னு பார்த்தேன்."

அலெக்ஸாந்திரியாவில் திவாலானவர்கள் எத்தனையோ பேர். தன் கடைக்குச் சீல் வைக்கத் தானே காற்று மறைத்து நின்றவர் எங்கள் பஹ்ரி பேட்டையின் பய்யூமி ஹாஜியார் ஒருவர்தான்.

கதவிடுக்கில் புகை வர ஆரம்பித்தது. உள்ளே இருந்தவை இருநூற்று அறுபது மடக்கு நாற்காலிகள், சிவப்பும் நீலமுமாய்ப் பூவேலை செய்த பந்தல் துணிகள், மூங்கில்கள், இரண்டு பெட்டி நிறைய பல்புகள். கல்யாணமோ சாவோ, எங்கள் பேட்டையில் பந்தலும் நாற்காலியும் ஹாஜியார் கடையிலிருந்துதான் வரும். அத்தனையும் நன்றாகப் பற்றி எரியக் கூடியவை.

"முத்திரையை உடைச்சா ஜெயிலு" என்றார் அமீனா, ஒரு அடி பின்னால் நகர்ந்து.

"உடைக்கலாம். ஆனா எழுதிட்டு உடைக்கணும்" என்றது ஒரு மெல்லிய குரல்.

அவர்தான் லபீப் எஃபெந்தி; படித்த உத்தியோகஸ்தர்களை எங்கள் ஊரில் ‘எஃபெந்தி’ என்போம். திவாலான சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர். ஒல்லியான மனிதர், தலையில் சிவப்புத் தொப்பி, சட்டைக் கையில் மை படாமலிருக்கக் கறுப்பு உறை. நடைபாதையில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்து, ஹிஜ்ரித் தேதி, ஆங்கிலத் தேதி இரண்டையும் எழுதினார். கொஞ்சம் யோசித்து, தான் ஒரு கிப்தி கிறிஸ்தவர் என்பதால் கிப்தித் தேதியையும் எழுதினார்.

மாடி பால்கனியிலிருந்து ஹாஜியாரின் மனைவி தவ்ஹீதா எட்டிப் பார்த்தாள்; மகன் பேரை வைத்து எல்லோரும் அவளை ‘உம்மு ஹஸன்’, அதாவது ஹஸனின் அம்மா, என்பார்கள். "ஏங்க! கடையைக் கொளுத்திட்டாங்களா?"

"இல்ல உம்மு ஹஸன், அறிக்கை எழுதறாங்க!"

அறிக்கை முடிந்து கதவைத் திறந்தபோது ஒரு பந்தல் துணியின் ஓரம் கருகியிருந்தது. டீ தார் மாதிரி ஆகியிருந்தது. மூவரும் அதையே சர்க்கரை போட்டுக் குடித்தார்கள். குடித்து முடித்து லபீப் எஃபெந்தி தன் பையிலிருந்து ஐந்து மில்லீம் காசு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"விடுங்க எஃபெந்தி!" ஹாஜியார் பதறிப்போனார். "டீக்கு யாராவது காசு குடுப்பாங்களா?"

லபீப் எஃபெந்தி வருத்தத்துடன் தலையை ஆட்டினார். "டீத்தூள் இப்ப கடன் குடுத்தவங்களோட சொத்து ஹாஜியாரே. இந்த நிமிஷத்துலேர்ந்து உங்க கடையிலேர்ந்து எதையும் நீங்க சும்மா குடுக்க முடியாது. 'விடுங்க'ன்னு சொல்ற உரிமை கோர்ட்டுக்குப் போயிடுச்சு."

திவால் என்ற தீர்ப்பைக் கேட்டபோது ஹாஜியார் கலங்கவில்லை. இதைக் கேட்டதும் கிளாஸை மேசையில் வைத்துவிட்டார்.

ஏன் என்று பேட்டைக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில், மன்னர் இன்னும் கோடைக்குக் கடற்கரை அரண்மனைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் பக்கம் ஒரு மரியாதை இருந்தது. கடைக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டால், "விடுங்க, உங்ககிட்ட என்ன காசு" என்பார். நாம், "அதெல்லாம் இல்ல, சொல்லுங்க" என்று வற்புறுத்த வேண்டும். அவர் மறுபடி "விடுங்க" என்பார். மூன்றாவது தடவை வற்புறுத்தியதும் விலையைச் சொல்லிக் காசை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார். இரண்டு பக்கமும் மனசு நிறைந்துவிடும். இப்போது எல்லாவற்றுக்கும் விலைச் சீட்டு ஒட்டிவிட்டார்கள். கேட்கவும் ஆளில்லை, மறுக்கவும் ஆளில்லை. எனக்கு அந்த வீண் பேச்சு இல்லாமல் கடைக்குப் போகவே பிடிப்பதில்லை.

பய்யூமி ஹாஜியாரிடம் இருந்த ஒரே குறை, அவர் நான்காவது தடவையும் "விடுங்க" என்பார். அதுவும் நெஞ்சில் கை வைத்து, கண் கலங்க, "உங்க வீட்டுக் கல்யாணம் என் வீட்டுக் கல்யாணம்" என்பார். நான்காவது தடவைக்கு மரியாதையில் பதில் கிடையாது. ஜனங்கள் பர்ஸை மூடிக்கொண்டு, அவரைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். இப்படி இருபத்தாறு வருடம். மூங்கில்காரர், பல்புக் கடைக்காரர், கடை வாடகை எல்லாம் சேர்ந்து முந்நூற்றுப் பத்து பவுண்டு கடனாகி நின்றது.

இவர்கள் யாரும் வழக்குப் போடவில்லை. வழக்குப் போட்டது ரம்ஸி என்ற வக்கீல். துணி விற்ற கிரேக்க வியாபாரியிடம் ஹாஜியார் எழுதிக் கொடுத்திருந்த நாற்பது பவுண்டு கடன் பத்திரத்தை யாரோ விலைக்கு வாங்கி, வக்கீல் பேருக்கு மாற்றி, நீதிமன்றத்தில் போட்டுவிட்டார்கள். யார் என்று கிரேக்கரும் சொல்லவில்லை, வக்கீலும் சொல்லவில்லை.

"வேற யாரு, கர்மூஸ் பேட்டை ஸனாத்திதான்" என்றார் நாவிதர் பரகாத். ஸனாத்தியும் பந்தல் வியாபாரி. "உங்களைத் தொலைச்சிட்டு இந்தப் பக்கமும் பந்தல் போடப் பாக்கறான். அவன் கை அழுகிப் போக!"

"சபிக்காதீங்க பரகாத் அண்ணே" என்றாள் பால்கனியிலிருந்து தவ்ஹீதா. "யாரோ, அவங்களுக்கு என்ன கஷ்டமோ."

இவ்வளவு நல்ல மனசுக்காரிக்கு இப்படி ஒரு நிலைமையா என்று தெருவே உச்சுக் கொட்டியது.

மூன்றாம் நாள் மீன்கடை அல்லாமின் தகப்பனார் இறந்துபோனார். மதியத்துக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மாலையில் துக்கம் கேட்க ஊரே வரும். உட்கார நாற்காலி இல்லை. நாற்காலிகள் சீலுக்குப் பின்னால். அது நவம்பர் மாதம். வருஷா வருஷம் வரும் ‘துடைப்பம்’ என்கிற புயல் கடலைக் கூட்டித் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஹாஜியார் மழையில் ஓடி லபீப் எஃபெந்தியைப் பிடித்தார். லபீப் எஃபெந்தி மழையில் ஓடி நீதிபதியை அவர் வீட்டிலேயே பிடித்தார். நீதிபதி சொன்னது நியாயம்தான்: சாமான்கள் சும்மா கிடந்தால் கடன் கொடுத்தவர்களுக்கு என்ன லாபம்? வாடகைக்கு விடலாம். ஆனால் முன்பணம், ரசீது, முத்திரை வில்லை எல்லாம் இருக்க வேண்டும்.

மாலையில் பந்தல் ஏறியது. குர்ஆன் ஓதத் தொடங்கினார்கள். பந்தல் வாசலில் ஹாஜியார் வழக்கம்போல நெஞ்சில் கை வைத்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் சின்ன மேசை போட்டு லபீப் எஃபெந்தி ரசீதுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தார்.

"இறைவன் உங்களுக்குப் பொறுமை தருவானாக" என்றார் ஹாஜியார் அல்லாமிடம்.

"ரெண்டு பவுண்டு" என்றார் லபீப் எஃபெந்தி.

அல்லாம் பணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தகப்பனைப் புதைத்த கையோடு ஒரு மனிதனிடம் காசு வாங்கிவிட்டோமே என்று ஹாஜியாருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். திவாலானவர் குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொத்திலிருந்து மாதம் ஆறு பவுண்டு ஜீவனாம்சம் கொடுத்திருந்தது. அதில் இரண்டு பவுண்டை எடுத்துப் போய், அல்லாம் மீனுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கோட்டுப் பையில் நைசாகச் சொருகினார்.

பெரிய உடம்பானாலும் அல்லாமுக்குப் பாக்கெட்டில் கை போனால் தெரியும். "என்ன ஹாஜியாரே இது?"

"ஒண்ணுமில்ல. விடுங்க."

"நேத்து குடுத்த வாடகையா? எங்கப்பன் சாவுக்கு நாற்காலி போட எனக்கு வக்கில்லையா?" அல்லாமின் குரல் மீன் மார்க்கெட் முழுக்கக் கேட்டது. "திவாலான மனுஷன் எனக்குப் பிச்சை போடறாரா? அப்ப நாலு வருஷம் முன்னாடி என் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க வாங்காம விட்டதும் பிச்சைதானா? இன்னிக்கே அந்த எஃபெந்திகிட்ட அதையும் சேர்த்துக் கட்டறேன்!"

சொன்னபடியே ஹாஜியாரையும் இழுத்துக்கொண்டு கட்டப் போனார், ஆனால் கணக்கில்லாமல் வாங்க முடியாது என்று பணம் திரும்பிவிட்டது. லபீப் எஃபெந்தி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலு வருஷம் முன்னாடி கல்யாணமா? ஹாஜியாரே, உங்களுக்கு வெளிய வர வேண்டிய பாக்கி இருக்கா?"

"பாக்கியா? சேச்சே. அதெல்லாம் விட்டது."

"கணக்குப் புத்தகத்தைக் கொண்டாங்க."

"புத்தகமா? கல்யாணத்தை யாராவது எழுதி வைப்பாங்களா?"

லபீப் எஃபெந்தியின் முகம் வெளுத்தது. கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க. வியாபாரி கணக்கே வைக்காம திவாலானா, அது வெறும் திவால் இல்ல. அஜாக்கிரதைத் திவால். நீதிபதி நினைச்சா கேஸை கிரிமினல் பக்கம் தள்ளிடுவார். ஜெயில் ஹாஜியாரே, ஜெயில்! வர்ற மாசம் விசாரணை. அதுக்குள்ள எனக்குக் கணக்கு வேணும்."

ஹாஜியார் அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாகப் பயந்துபோனார். வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். தவ்ஹீதா விஷயத்தைக் கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த எஃபெந்தியை வரச் சொல்லுங்க. கூடவே தடியா ஒரு நோட்டும்" என்றாள்.

மூன்று நாள் மதியம் லபீப் எஃபெந்தி அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினார். தவ்ஹீதா மொலோக்கியா கீரையை ஆய்ந்துகொண்டே, ஒரு தடவை கூட யோசிக்காமல் சொன்னாள்.

"குண்டு விழுந்த வருஷம், கோடை. பரகாத் அண்ணன் தம்பி கல்யாணம். அம்பது நாற்காலி. இருட்டடிப்புன்னு பல்புக்கெல்லாம் நீல மை பூசினோம். மாப்பிள்ளை மூஞ்சி செத்தவன் மூஞ்சி மாதிரி இருந்துச்சு. எழுதுங்க, ஒண்ணேகால் பவுண்டு."

"அதுல பாதியில சங்கு ஊதிச்சு" என்றார் ஹாஜியார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "எல்லாரும் ஓடிட்டாங்க."

"ஓடினாலும் நாற்காலி ராத்திரி பூரா அங்கதானே கிடந்துச்சு? எழுதுங்க எஃபெந்தி. அடுத்த வருஷம் அல்லாமோட மூத்த பொண்ணு நிச்சயம், எழுபது. கல்யாணம் நூத்தி இருபது. ஒரு நாற்காலி கால் உடைஞ்சு, அதுல உட்கார்ந்திருந்த மாமியார் விழுந்து, அதனாலேயே அந்த வீட்ல இன்னும் சண்டை."

"நூத்திப் பத்து" என்றார் ஹாஜியார். "பத்து நாற்காலி மழையில நனைஞ்சு திருப்பி எடுத்துட்டு வந்துட்டோம்."

"அட, ஆமா!" தவ்ஹீதா சிரித்துவிட்டாள். "நீங்க ஒரு நாற்காலியைத் தலைமேல கவுத்துக்கிட்டு ஓடி வந்தீங்களே."

முதல் நாள் வாயை மூடு என்று மனைவியை அதட்டிய ஹாஜியார், இரண்டாம் நாள் திருத்தம் சொன்னார். மூன்றாம் நாள் அவரே சொல்ல ஆரம்பித்தார். யார் வீட்டில் எந்தப் பாட்டுக்காரர் வந்தார், எந்தக் கல்யாணத்தில் பெண் கடைசி நிமிஷம் மாடியிலிருந்து இறங்க மாட்டேன் என்றாள், எந்தச் சாவில் இரண்டு ஜென்மப் பகையாளிகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் சமாதானமானார்கள் என்று. அந்த மூன்று நாளும் திவாலானதையே மறந்து மூவரும் இருந்தார்கள். இருபத்தாறு வருஷப் பேட்டை அந்த நோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரே ஓர் இடத்தில் தவ்ஹீதா நிறுத்தினாள். "வலை பின்னற ஸக்கிய்யாவோட புருஷன் கடல்ல போனது. முப்பது நாற்காலி, மூணு நாள். இது எழுத வேணாம் எஃபெந்தி. இது நிஜமாவே விட்டது."

சட்டப்படி அதையும் எழுதியாக வேண்டும். லபீப் எஃபெந்தி ஜன்னல் பக்கம் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றார். மறுபடி நிரப்பிக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போனார்.

நோட்டை நீதிபதி பார்த்தார். இது கணக்குத்தானா, இல்லை கதையா என்று அவருக்குச் சந்தேகம். பாக்கிக்காரர்களே வந்து ஒப்புக்கொண்டால் கணக்கு, இல்லாவிட்டால் ஜெயில் என்று சொல்லிவிட்டார். நூற்று நாற்பது வீட்டுக்குச் சம்மன் போயிற்று.

ஹாஜியாருக்கு ஜெயில் பயம் ஒரு பக்கம். பேட்டையே தன்னால் கோர்ட் ஏற வேண்டியதாகிவிட்டதே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். வெட்கம்தான் ஜெயித்தது. வீடு வீடாகப் போய், "கோர்ட் பேப்பரைக் கண்டுக்காதீங்க. விடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அல்லாம் அவரை வாசலிலேயே நிறுத்தினார். "நீங்க விடுங்கன்னு சுலபமாச் சொல்லிட்டீங்க ஹாஜியாரே. அதுல என் பேரு, எங்கப்பன் பேரு, எங்க தாத்தா பேரு எல்லாம் போட்டு 'கல்யாண வாடகை பாக்கி'ன்னு எழுதியிருக்கு. தபால்காரன் தெருவுக்கே படிச்சுக் காட்டிட்டான். நான் வராம இருந்தா, பொண்ணு கல்யாணத்தை ஓசியில பண்ணினவன்னு ஆகிடும்."

"அப்ப கோர்ட்ல வந்து, ஹாஜியார் அன்னிக்கே விட்டுட்டார்னு சொல்லிடுங்க."

"அது இன்னும் அசிங்கம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார் அல்லாம்.

விசாரணை அன்று பஹ்ரியில் கடை எதுவும் திறக்கவில்லை. எல்லோரும் பெருநாள் உடுப்பில் கோர்ட்டில் இருந்தார்கள். இடமில்லாமல் பாதிப்பேர் நின்றார்கள். இத்தனை பேருக்கு நாற்காலி இல்லையே என்று ஹாஜியாருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வாசிக்கச் சொன்னார்.

"அல்லாம். மூத்த மகள் கல்யாணம். நூற்றுப் பத்து நாற்காலி."

பின்னாலிருந்து நாவிதர் பரகாத், "நூத்திப் பத்துதானா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அல்லாம் காதில் விழுந்துவிட்டது.

"யாரு சொன்னது நூத்திப் பத்து?" அல்லாம் நிமிர்ந்தார். "ஐயா, தப்பா எழுதியிருக்காங்க. என் பொண்ணு கல்யாணத்துக்கு இருநூறு!"

லபீப் எஃபெந்தியின் பேனா நின்றது. "இருநூறா? வாடகை கூடுமே."

"கூடட்டும். எழுதுங்க!"

"பரகாத். தம்பி கல்யாணம். ஐம்பது நாற்காலி."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பரகாத்தின் காது சிவந்தது. "அம்பதா? ஐயா, அது யுத்த காலம், இருட்டு. எண்ணினவங்களுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காது. இருநூத்தி இருபது!"

"பொய் ஐயா!" ஹாஜியார் எழுந்துவிட்டார். "அந்த முடுக்குல அம்பது நாற்காலி போட்டதுக்கே மாப்பிள்ளையைக் கயிறு கட்டி மாடி வழியா இறக்கினோம்!"

"எங்க வீட்டு விசேஷத்தைக் கோர்ட்ல வச்சுக் குறைச்சுப் பேசறீங்களா ஹாஜியாரே?" என்று பரகாத் கத்தினார்.

அதற்குப் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன் வீட்டுக் கல்யாணம் எண்பது நாற்காலிக் கல்யாணம் என்று எவன் ஒப்புக்கொள்வான்? ரொட்டிக்கடைக்காரர் இருநூற்று நாற்பது என்றார். அவருடைய சம்பந்தி, அதே கல்யாணத்துக்கு, இருநூற்று எண்பது என்றார். படகு தச்சர் ஒருவர் தன் மகனின் சுன்னத்துக்கு நானூறு என்று சொல்லிவிட்டு, மனைவியைத் திரும்பிப் பார்த்து, ஐநூறு என்று திருத்திக்கொண்டார்.

"என்கிட்ட இருக்கறதே இருநூத்தி அறுபது ஐயா!" ஹாஜியார் தலையில் அடித்துக்கொண்டார். "அதுல ஒண்ணுக்குக் கால் இல்ல!"

நீதிபதி மேசையைத் தட்டினார். "பய்யூமி, நீர் யார் பக்கம்?"

"உண்மைப் பக்கம் ஐயா."

"உமக்கு வர வேண்டிய பணத்தை நீரே குறைத்தால், அது கடன் கொடுத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். வாய் திறந்தால் உள்ளே போவீர். உட்காரும்."

ஹாஜியார் உட்கார்ந்தார். தன் கண் முன்னால் பேட்டையே கடனை ஏற்றிக்கொண்டு போவதை, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு "விடுங்க" கூடச் சொல்ல முடியாமல், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

நீதிபதி லபீப் எஃபெந்தியைக் கூப்பிட்டுக் காதில் பேசினார். பிறகு கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கித் தீர்ப்பை எழுதச் சொன்னார். பாக்கிக்காரர்கள் தாமாகவே ஒப்புக்கொண்டதால் நோட்டு கணக்காக ஏற்கப்படுகிறது. அஜாக்கிரதை என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் இந்த நீதிமன்றத்தில் எந்தக் கல்யாணமும் இருநூற்று அறுபது நாற்காலியைத் தாண்டக் கூடாது.

உடனே இருநூறு சொன்னவர்கள் எல்லாம் எழுந்து தங்களுக்கும் இருநூற்று அறுபது போடச் சொன்னார்கள்.

இரண்டு மாதத்தில் பணம் வந்து சேர்ந்தது. சிலர் ஒரே தவணையில் கட்டினார்கள், சிலர் மீன் விற்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. மூங்கில்காரர், பல்புக்காரர், வாடகை, கோர்ட் செலவு, லபீப் எஃபெந்தியின் கூலி எல்லாம் போக ஹாஜியார் கைக்கு நூற்றுத் தொண்ணூறு பவுண்டு மிஞ்சியது. திவாலானவனுக்கு மிச்சம் கொடுத்து அனுப்புவது தன் உத்தியோகத்தில் இதுதான் முதல் தடவை என்றார் நீதிபதி. அமீனா வந்து அரக்கைச் சுரண்டினார். கடை திறந்தது. அல்லாம்தான் முதல் ஆள். இளைய மகள் நிச்சயத்துக்கு நாற்காலி கேட்டு, பேச்சுக்கு முன்னாலேயே பணத்தை மேசையில் வைத்தார். ஹாஜியார் வாயைத் திறந்தார், மூடினார், பணத்தை எடுத்துப் பெட்டியில் போட்டார். அன்று மாலை கடற்கரையில் தனியாக உட்கார்ந்து அழுதார் என்று சொல்வார்கள். வருத்தத்தில் இல்லை என்றும் சொல்வார்கள்.

ஒரு வேலைதான் பாக்கி. வழக்குப் போட்ட ஆளுக்குச் சேர வேண்டிய நாற்பது பவுண்டு. லபீப் எஃபெந்தி அதை வக்கீல் ரம்ஸி ஆபீசில் கட்டப் போனபோது ஹாஜியாரும் கூடக் கிளம்பினார்.

"எதுக்கு ஹாஜியாரே? முடிஞ்சு போனதுதானே."

"அந்த மூஞ்சியை ஒரு தடவை பார்க்கணும் எஃபெந்தி. முதல்ல கழுத்தை நெரிக்கணும்னு இருந்துச்சு. இப்ப யோசிச்சா, அவன் இதைச் செய்யலைன்னா மொத்தமா முழுகியிருப்பேன். ஸனாத்தியா இருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு, டீ வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன்."

வக்கீல் இல்லை. குமாஸ்தா மட்டும் இருந்தார், தூக்கம் தெளியாத ஒரு கிழவர். லபீப் எஃபெந்தி நோட்டுகளை எண்ணி வைத்தார். குமாஸ்தா மறுபடி எண்ணி, ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தார். பிறகு அதே நோட்டுகளை ஓர் உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டி, மேசைக்கு இந்தப் பக்கம் ஹாஜியாரை நோக்கித் தள்ளினார்.

"இது எனக்கில்லயே" என்றார் ஹாஜியார். "கேஸ் போட்ட ஆளுக்கு."

"தெரியும் ஹாஜியாரே. 'எங்க வீட்டுக்காரர் வந்தா அவர் கையிலயே குடுத்தனுப்புங்க, அடகு வச்ச வளையலை மீட்கணும்'னு காலையிலயே வந்து சொல்லிட்டுப் போனாங்க" என்றார் குமாஸ்தா கொட்டாவி விட்டுக்கொண்டே. "'இந்த மனுஷருக்குக் காசு கேக்க வெக்கம், கோர்ட்டுக்கு ஏது வெக்கம்'னு இங்க உட்கார்ந்து சிரிச்சாங்க உம்மு ஹஸன்."